பயிற்சித் தாளில் தொழிலாளியிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பாகாதா?

ஆகும். "பயிற்சி பெற்றேன், விபத்து நடந்தால் நானே பொறுப்பு" என்று எழுதி வாங்கி ஃபைல் போடும் சூப்பர்வைசர் நீங்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதில் முதல் பாதிக்கு மதிப்பு உண்டு, பயிற்சி நடந்ததற்குச் சாட்சி. இரண்டாம் பாதியை நம்பி இருக்காதீர்கள்.

தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981இல் வந்தது. 2022இல் அதை அடிப்படை உடன்படிக்கைகளில் சேர்த்தார்கள். இயந்திரமும் வேலை முறையும் நியாயமாக இயன்ற அளவுக்கு ஆபத்தில்லாமல் இருக்கப் பார்த்துக்கொள்வது வேலை கொடுப்பவர் கடமை என்கிறது அது. பாதுகாப்புச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து நெருங்கிவிட்டது என்று தக்க காரணத்தோடு விலகி நின்றவரைப் பழிவாங்கவும் கூடாது. "உடன்படிக்கை நேராக ஆலைமேல் பாயாது, உள்நாட்டுச் சட்டம்தான் பாயும்" என்று யாராவது கிளம்புவார்கள். சரிதான், உங்கள் நாட்டுச் சட்டத்தையும் படியுங்கள். தொழிலாளிக்கும் ஒத்துழைக்கும் கடமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கார்டு (கை உள்ளே சிக்காமல் தடுக்கும் மூடி) இல்லாத கன்வேயருக்கு (பொருளை நகர்த்தும் பெல்ட்) அவர் எப்படி ஒத்துழைப்பார்?

கன்வேயரில் பொருள் சிக்கினால் எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கிவிட்டுக் கையை விடுவதுதான் எங்கும் நடப்பது. பெரும்பாலான இயந்திரங்களில் அது கன்ட்ரோல் சர்க்யூட்டை மட்டும் வெட்டும், மெயின் சப்ளை அப்படியே இருக்கும். வேறொருவர் ரீசெட் செய்து ஸ்டார்ட் பட்டனைத் தட்டினால் போச்சு. அதனால் முதலில் அந்த இடத்தில் வேலை செய்பவர்களிடம் சொல்லிவிட்டு இயந்திரத்தை நிறுத்துங்கள். மெயின் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசோலேட்டரை இறக்கி, உள்ளே கைவைக்கும் ஒவ்வொருவரும் தன் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய டேக் மாட்ட வேண்டும். நாலு பேர் என்றால் ஹாஸ்ப்பில் (பல பூட்டுகள் மாட்டும் கொண்டி) நாலு பூட்டு, சாவி அவரவர் பையில். சூப்பர்வைசர் எல்லோருக்குமாக ஒரே பூட்டுப் போடுவது வேண்டாம்.

பூட்டியதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் அடுத்த கோளாறு. சிலிண்டரில் காற்று நிற்கும், தூக்கி வைத்த பாரம் இறங்கும், இறுகிய பெல்ட் துள்ளும். மோட்டாரை இயக்கும் டிரைவ் பேனலில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டரின் சார்ஜ் இறங்க, லேபிளில் போட்டிருக்கும் நேரம் காத்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லை என்று காட்டும் டெஸ்டரை, சோதனைக்கு முன்னும் பின்னும் மின்சாரம் இருப்பது உறுதியான லைனில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஓடவில்லை என்று கண்டபின், பட்டனை ஆஃபுக்குத் திருப்பிவிட்டுத்தான் உள்ளே கை போக வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது வருபவர் பூட்டுப் போட்ட பிறகே போகிறவர் தன் பூட்டை எடுக்கட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: வாசலில் "விபத்தில்லா நாட்கள்" என்று எண் மாட்டி, நூறு வந்தால் பரிசு என்கிறார்கள். விரல் நசுங்கினவர் சக ஊழியர்களின் பரிசு போய்விடுமே என்று கட்டுப் போட்டு மறைக்கிறார். அடுத்த விபத்துக்கான எச்சரிக்கையும் அதோடு மறைந்துபோகிறது.

இனி ஃபைலில் இவற்றை வையுங்கள்: எந்த இயந்திரத்துக்கு எத்தனை ஐசோலேஷன் புள்ளிகள் (துண்டித்துப் பூட்ட வேண்டிய இடங்கள்), அவை எங்கே என்ற பட்டியல், பூட்டுப் பதிவேடு, கார்டு சோதித்த தேதி, பழுது என்று புகார் வந்த நாள், சரிசெய்த நாள். ஆய்வாளர் வந்தால் கடைசி இரண்டுக்கும் இடையே எத்தனை நாள் என்றுதான் கேட்பார். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் இதே பட்டியல், இதே பூட்டு.