உலகமே நெருக்கடியில் இருக்கும்போது எழுப்புதல் (மக்கள் திரளாகக் கடவுளிடம் திரும்பும் ஆன்மிக விழிப்பு) வரும் என்று கிறிஸ்தவர்கள் நம்புவது ஏன்?

தன் தேசம் அழியப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் பைபிளில் ஆபகூக் தீர்க்கதரிசி, "உம்முடைய கிரியையை உயிர்ப்பியும்" என்று ஜெபிக்கிறார். எங்கள் நம்பிக்கையின் வேர் அது. சரி, நிஜத்தில் நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது.

1857 செப்டம்பர் 23, நியூயார்க், ஃபுல்டன் தெரு. ஜெரமையா லான்ஃபியர் என்ற சபை ஊழியர் மதியம் 12 மணிக்கு ஜெபக்கூட்டம் என்று அறிவித்துவிட்டுக் காத்திருந்தார். அரை மணி நேரம் ஒருவரும் வரவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக, மொத்தமே ஆறு பேர். அடுத்த மாதம் காகிதப் பணத்துக்குத் தங்கம் தரமுடியாமல் நியூயார்க் வங்கிகள் கைவிரித்தன. ஜெபக்கூட்டங்கள் நிரம்பி வழிந்தன. ஒருவர் ஜெபிக்க ஐந்து நிமிடம்தான், வாக்குவாதம் கூடாது என்பது அங்கே விதி.

நெருக்கடி தானாக எழுப்புதலைக் கொண்டுவராது, பலரைக் கசப்பாக்கியும் விடும். என்னைத் தொடுவது, வங்கிகள் விழும் முன்பே அந்த ஆறு பேர் முழங்காலில் இருந்தார்கள் என்பதுதான்.

1859-ல் அயர்லாந்தின் அல்ஸ்டரிலும் இதே தீ பரவியது. அந்தச் செய்திகள் நம் திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தன. அருளப்பன் என்ற தமிழ் ஊழியர் நடத்திவந்த சபைகளில் 1860-ல் எழுப்புதல் தொடங்கியது.