பூப்பாத்தி பாதி ஆண்டு வெறுமையாக நிற்பது ஏன்?

கேள்வி: வீட்டின் முன்பக்கச் சுவரை ஒட்டி 18 அடி நீளம், 5 அடி அகலத்தில் பூப்பாத்தி போட்டு 2 ஆண்டுகள் ஆகின்றன. வருடா வருடம் மாற்றும் வேலை வேண்டாம் என்று பல்லாண்டுச் செடிகளாகவே பார்த்து 20 வகை வைத்தேன். கோடையில் பார்க்கக் கண் போதாது. மழை பிடித்ததும் பாதிக்கு மேல் வெறும் இலைதான். பனி மாதங்களில் ஒன்றிரண்டு பூ தெரிந்தாலே பெரிது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா, இருப்பதை வைத்தே சரி செய்ய முடியுமா?

பதில்: பிடுங்குவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த 20 வகையில் எத்தனையை ஒரே வாரத்தில் வாங்கினீர்கள்? நர்சரிக்குப் போனால் பூத்து நிற்கும் செடியிடம்தான் கை போகும். கோடையில் போனால் கோடையில் பூப்பவைதான் வண்டியில் ஏறும். அவை அடுத்த ஆண்டும் அதே வாரங்களில்தான் பூக்கும். பாதி ஆண்டு வெறுமையாகக் கிடக்கும் பாத்திகளில் நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான்.

அதனால் திட்டத்தை, பூ நிறைந்த மாதத்திலிருந்து தொடங்காதீர்கள். எந்த மாதம் பாத்தி மிகவும் காலியோ அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு நோட்டில் 12 மாதங்களுக்கும் கட்டம் போட்டு, ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி எந்தச் செடியில் பூ, எதில் மொட்டு, எது சும்மா நிற்கிறது என்று குறியுங்கள். ஒரே இடத்தில் நின்று ஒரு படமும் எடுத்துவிடுங்கள். நினைவை நம்ப வேண்டாம், பூத்த நாட்களைத்தான் மனசு அதிகமாகச் சேர்த்து வைக்கும். ஓர் ஆண்டு குறித்த பிறகு, காலியான மாதத்தில் நர்சரிக்குப் போய் அப்போது பூத்திருப்பவற்றைப் பாருங்கள். தொட்டிச் செடியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சில வகைகளை வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் காலம் தவறிப் பூக்க வைத்து விற்பார்கள். தரையில் வேர்விட்டு வளர்ந்த அதே செடி அந்த மாதத்தில் பூத்திருக்கிறதா என்பதுதான் சாட்சி.

அடுத்து எண்ணிக்கை. உங்கள் பாத்தி 90 சதுர அடி. நடுத்தரச் செடி ஒன்றுக்கு 3 சதுர அடி என்று வைத்தால் 30 செடி பிடிக்கும். அதில் 20 வகை என்றால் பெரும்பாலும் வகைக்கு ஒன்றுதான் இருக்கும். ஒற்றைச் செடி பூத்தால் அது ஒரு புள்ளியாகத்தான் தெரியும். 3 செடி சேர்ந்து பூத்தால் கண் அங்கே நிற்கும். 9 அல்லது 10 வகை போதும். ஒரே நேரத்தில் பாத்தியின் மூன்றில் ஒரு பங்கு பூத்திருந்தாலே நிறைவாகத் தெரியும். இன்னொரு பங்கு மொட்டில் இருக்கட்டும், மிச்சம் ஓய்வெடுக்கட்டும். 12 மாதமும் முழுப் பாத்தியும் பூக்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். பல்லாண்டுச் செடிப் பாத்திக்குப் பெயர் பெற்ற இங்கிலாந்தின் கெர்ட்ரூட் ஜீக்கில், மன்ஸ்டெட் வுட் தோட்டத்தில் 200 அடி நீளப் பாத்தி வைத்திருந்தார். அதையே அவர் ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் வரைக்கும் என்றுதான் திட்டமிட்டார். வசந்தத்துக்கு வேறு இடம் ஒதுக்கியிருந்தார். அவ்வளவு நிலம் நம்மிடம் இல்லை. ஆனால் அவருடைய இன்னொரு பழக்கம் நமக்கு உதவும். ஒரு செடி பூத்து ஓய்ந்த இடத்தை மூட, பக்கத்துக் கொடியை அதன் மேல் இழுத்துவிடுவார். ஒரே இடத்துக்கு இரண்டு, மூன்று முறை பூக்கும் வாய்ப்பு.

உங்கள் பாத்தியில் இதை இப்படிச் செய்யலாம். சாமந்தி மழைக்காலம் முழுக்கப் பச்சையாக வளர்ந்துகொண்டிருக்கும், பூ பனியில்தான். அந்தச் செடிகளின் இடுக்கில் மழை லில்லிக் கிழங்குகளைப் புதைத்து வையுங்கள். காய்ந்து கிடந்த மண்ணில் நல்ல மழை இறங்கிய சில நாட்களில் அவை சட்டென்று பூத்துவிடும். அவை ஓய்ந்த பிறகு அதே இடத்தைச் சாமந்தி எடுத்துக்கொள்ளும். பின்வரிசைச் செம்பருத்திக்கு அடியில் செங்காந்தள் கிழங்கு ஒன்றை வைத்தால், இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கி மழைக்காலத்தில் மேலே ஏறிப் பூக்கும், பிறகு தானாகக் காய்ந்து மண்ணுக்குள் அடங்கும். ஒன்று, செங்காந்தளின் கிழங்கும் விதையும் கொடிய விஷம், கோல்கிசின் என்ற பொருள் அதில் இருக்கிறது. சின்னக் குழந்தையோ நாய் பூனையோ உள்ள வீடு என்றால் அது வேண்டவே வேண்டாம்.

பின்வரிசையில் 2 செம்பருத்தி, 3 டிசம்பர் பூ, ஒரு ஓரத்தில் கல்வாழைக் கொத்து. நடுவில் குட்டை இட்லிப்பூ, பென்டாஸ், சாமந்தி. முன்னால் கனகாம்பரம், நித்தியகல்யாணி. பனி மாதங்களை டிசம்பர் பூவும் சாமந்தியும் பார்த்துக்கொள்ளும். நித்தியகல்யாணி ஆண்டு முழுக்கப் பூக்கும், ஆனால் தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகிவிடும். அதனால் முன்வரிசை மண்ணை அரை அடியாவது உயர்த்திப் போடுங்கள். சுவரை ஒட்டி ஒரு அடி காலியாக இருக்கட்டும். கவாத்துக்கு உள்ளே போக வழி கிடைக்கும். இன்னொரு காரணம், சிமெண்ட் பூச்சிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும், அதைத் தாங்காத இட்லிப்பூவின் இலை மஞ்சளடிக்கும். நிழலையும் கவனியுங்கள். பருவம் மாறும்போது கட்டடத்தின் நிழல் நகரும். கோடையில் முழு வெயில் விழும் இடத்தில் பனி மாதங்களில் வெயிலே இல்லாமல் போகலாம். பனியில் பூக்க வேண்டிய செடிக்கு, அந்த மாதத்தில் 6 மணி நேர வெயில் விழுகிற இடத்தைத்தான் தர வேண்டும்.

செடியைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். மீதி கத்தரிக்கோலில் இருக்கிறது, நான் அதிகம் வலியுறுத்துவதும் அதைத்தான். செம்பருத்தி, இட்லிப்பூ, பென்டாஸ் எல்லாம் புதுத் துளிரில் பூப்பவை. வெட்டிய நாளிலிருந்து துளிர் வந்து, முற்றி, மொட்டு வைக்கச் சில வாரங்கள் பிடிக்கும். எல்லாச் செடியையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வெட்டினால் எல்லாம் சேர்ந்து மொட்டையாக நிற்கும், அப்புறம் சேர்ந்தே பூத்துச் சேர்ந்தே ஓயும். நானும் ஆரம்பத்தில் இட்லிப்பூ வரிசை முழுவதையும் ஒரே நாளில் சீராக வெட்டிவிட்டு, இரண்டு மாதம் பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது 3 செடி இருந்தால், ஒன்றை இன்று, அடுத்ததை 2 அல்லது 3 வாரம் கழித்து, மூன்றாவதை இன்னும் 2 அல்லது 3 வாரம் கழித்து வெட்டுகிறேன். எது வெட்டி எத்தனை வாரத்தில் பூத்தது என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். உங்கள் மண்ணுக்கும் வெயிலுக்கும் உரிய கணக்கு அதில்தான் கிடைக்கும். இட்லிப்பூவை வேலி போல அடிக்கடி நறுக்கினால் நுனியில் இருக்கும் மொட்டெல்லாம் போய்விடும், கவனம்.

சாமந்தியின் கணக்கு வேறு. அது நாளின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற செடி. இப்படி ஒரு வழக்கம் செடிகளுக்கு உண்டு என்பதை அமெரிக்க வேளாண் துறையில் வேலை செய்த கார்னரும் அல்லார்டும் 1920இல் விளக்கினார்கள். இரவு நீளும்போதுதான் சாமந்தி மொட்டு வைக்கும். அந்த இரவு இருட்டாக இருக்க வேண்டும். வணிகமாக வளர்ப்பவர்கள் பூவைத் தள்ளிப்போட நடு இரவில் விளக்கு எரிப்பதே இதனால்தான். உங்கள் பாத்தி வீட்டு முன்புறம் என்கிறீர்கள். வாசல் விளக்கோ தெரு விளக்கோ இரவு முழுக்கச் சாமந்தி மேல் விழுந்தால், எவ்வளவு எரு போட்டாலும் பலன் இருக்காது. விளக்கை மாற்ற முடியாவிட்டால், பகலில் வெயில் விழுந்தாலும் இரவில் அந்த வெளிச்சம் எட்டாத மூலைக்குச் செடியை மாற்றுங்கள்.

டிசம்பர் பூ ஓய்ந்ததும் ஒரு அடி உயரம் விட்டு வெட்டுங்கள். கோடையில் நுனியை இரண்டு முறை கிள்ளினால் கிளை கூடும். மழைக்காலம் பாதி தாண்டிய பிறகு கத்தரிக்கோல் அதன் பக்கமே போகக் கூடாது. கல்வாழையில் பூத்து முடிந்த தண்டை அடியோடு அறுத்தால் பக்கத்துக் குருத்து எழும்பும். பென்டாஸிலும் கனகாம்பரத்திலும் வாடிய பூக்கொத்தை அவ்வப்போது நீக்குங்கள், விதை பிடிக்க விட்டால் செடியின் சத்து அங்கே போய்விடும். பென்டாஸ் 2, 3 ஆண்டுகளில் தண்டு கட்டையாகிப் பூ குறையும். ஆண்டுக்கு ஒருமுறை நாலு நுனிக் குச்சி வெட்டித் தனியாக வேர் பிடிக்க வைத்துவிட்டால் கவலையில்லை. உரத்தைப் பொறுத்தவரை மக்கிய எரு போதும். தழைச்சத்து அதிகமுள்ள உரம் போட்டால் இலைதான் செழிக்கும்.

சரி, பிடுங்குவதா? வேண்டாம். நன்றாக வேர்பிடித்த செம்பருத்தியும் இட்லிப்பூவும் இருந்தால் அவற்றை இடம் பார்த்து அப்படியே வையுங்கள். கோடையில் மட்டும் பூக்கும் ஒற்றைச் செடிகளில் உங்களுக்குப் பிடித்த இரண்டு, மூன்று வகையை நிறுத்திக்கொண்டு மற்றதைத் தொட்டிக்கு மாற்றுங்கள், அல்லது கேட்பவர்களுக்குக் கொடுங்கள். இடம் மாற்றுவதை மழை தொடங்கும்போது செய்யுங்கள். முதல் நாள் நன்றாக நீர் விட்டு, கிளையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டு, வேர்ப்பந்து உடையாமல் மாலையில் எடுத்து நடுங்கள். முதலில் காலியாகும் இடத்தில் டிசம்பர் பூவையும் சாமந்தியையும் வைத்துவிடுங்கள். உங்கள் பாத்தியில் பெரிய பள்ளம் பனி மாதங்களில்தான் இருக்கிறது.