நாற்பதாயிரம் வியூ வந்தது, ஆள் வரலையே!

கேள்வி: சின்னாளப்பட்டியில் சுங்குடி சேலைக் கடை வைத்திருக்கிறேன். கடையில் எடுத்த வீடியோவை இன்ஸ்டாகிராமில் 3,000 ரூபாய் கொடுத்து விளம்பரமாக ‘பூஸ்ட்’ செய்தேன். 40,000 வியூ காட்டியது. ஆனால் விசாரித்து ஒரு போன்கூட வரவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை. நீங்கள் காசு கொடுத்தது வியூவுக்கு; வியூ வந்துவிட்டது. ஒன்றுக்கு ஏழரைப் பைசா. (ஏழரை என்றதும் ஜாதகத்தைத் தேடாதீர்கள்.) அந்த வியூவின் லட்சணம்தான் விஷயம். இன்ஸ்டாகிராமில் ரீல் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. அதே ஆள் மறுபடி பார்த்தால் இன்னொன்று. யூடியூபில் ‘ஸ்கிப்’ பட்டனோடு வரும் விளம்பரத்துக்கோ, 30 விநாடி பார்த்தாலோ விளம்பரத்தை க்ளிக் செய்தாலோதான் கணக்கு; விளம்பரம் அதைவிடச் சின்னது என்றால் முழுவதும் பார்க்க வேண்டும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, ஒரு ஜிபியை மாதம் முழுக்க இழுத்துப் பிடித்தவர்கள் அதை ஒரே நாளில் காலி செய்யத் தொடங்கினார்கள். 2020இல் டிக்டாக் தடையான கையோடு ரீல்ஸும் ஷார்ட்ஸும் வந்தன. பார்க்கிற ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கட்டைவிரல் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் வீடியோவைப் பார்த்தேன். முதல் ஆறு விநாடி கடை போர்டு, பிறகு “வணக்கம் நண்பர்களே!” அதற்குள் ஆள் போயிருப்பார். கை முடிச்சுச் சேலை இருக்கிறதா? சாயம் காய்ந்த துணியில் நூல் முடிச்சுகளைப் பிரித்தால் உள்ளேயிருந்து வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்க்குமே, அதிலிருந்து ஆரம்பியுங்கள். போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து, கிட்டத்தில் போய் எடுங்கள். பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்காக விலையை எழுத்தாகப் போடுங்கள். “விலை என்ன?” என்று கேட்பவரிடம் “இன்பாக்ஸ் பாருங்க” என்பது எனக்கு ஆகவே ஆகாத பழக்கம். கடையில் நேரில் கேட்டால் அப்படியா சொல்வீர்கள்?

சரி, பூஸ்ட் செய்யும்போது நோக்கம் என்ன என்று கேட்கும். அங்கே மெசேஜைத் தேர்ந்தெடுத்து வாட்ஸ்அப்பை இணையுங்கள். பெரும்பாலும் வியூ குறையும், பதறாதீர்கள். இருபது பேர் விலை கேட்டால் அந்த நாற்பதாயிரத்தைவிட மேல். யாருக்குக் காட்டுவது என்பதையும் ஆட்டோமேட்டிக்கில் விடாதீர்கள். கடையில் மட்டும் விற்பனை என்றால் திண்டுக்கல்லும் சுற்றுவட்டாரமும் போதும்; பார்சல் அனுப்புவீர்கள் என்றால் சென்னை, கோவையைச் சேர்க்கலாம்.

விளம்பரத் தொகைக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர் என்றால் உங்கள் ஜிஎஸ்டி எண்ணை விளம்பரக் கணக்கில் கொடுத்துவிட்டு, ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

கடை சாத்திய பிறகு வரும் மெசேஜுக்கு யார் பதில் சொல்வது என்பதை முதலில் வீட்டில் பேசி முடியுங்கள். அப்புறம் பணத்தைப் போடலாம்.