பணம் தருகிறார்கள், புகாரை விட்டுவிடலாமா?

கேள்வி: என் தந்தை ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 74. சிபிஐ அதிகாரிகள் என்று வீடியோ அழைப்பில் வந்தவர்கள் 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டியதில், வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்து, அவரே வங்கிக்குப் போய் 18 லட்சம் ரூபாயை ஆர்டிஜிஎஸ் வழியாக அனுப்பிவிட்டார். அன்றிரவே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தோம். வெளிமாநிலக் கணக்கு ஒன்றில் 4.6 லட்சம் முடக்கப்பட்டது, வழக்கும் பதிவாகியுள்ளது. வங்கி மேலாளர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்பா தப்பித்திருப்பார். மாதக்கணக்கில் அப்பாவுடன் பேசாத அண்ணன் இப்போது பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தரச் சொல்கிறார். முடக்கப்பட்ட கணக்குக்காரரின் வழக்கறிஞரோ, 3 லட்சம் தருகிறோம், புகாரைத் தொடர விருப்பமில்லை என்று கடிதம் கொடுங்கள் என்கிறார். வங்கி மீது வழக்குப் போடலாமா? அந்தப் பணத்தை வாங்கலாமா?

பதில்: மேலாளரையும் அண்ணனையும் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் நியாயம் இருக்கலாம். வழக்குக்கு அது உதவாது. படிவத்தில் கையெழுத்திட்டவர் உங்கள் தந்தை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதி, வாடிக்கையாளர் அறியாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. மிரட்டலுக்குப் பயந்து அவரே அனுப்பிய பணத்தை அதற்குள் கொண்டுவருவது கடினம். சேவைக் குறைபாடு என்று 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் கேள்வி கேட்காததே குறைபாடு என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். நான் அதில் இறங்கச் சொல்ல மாட்டேன்.

இன்று உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது முடங்கிக் கிடக்கும் 4.6 லட்சம் மட்டுமே. அதைத்தான் அந்தக் கடிதம் குறிவைக்கிறது.

இப்படிப்பட்ட கடிதத்தில் கையெழுத்திட்ட பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. 'பணம் பெற்றுக்கொண்டேன், யார் மீதும் எனக்குக் கோரிக்கை இல்லை' என்ற வரியைச் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். கணக்குக்காரர் அதை விசாரணை அதிகாரியிடமும் நீதிமன்றத்திலும் நீட்டி முடக்கத்தை விலக்கக் கேட்பார். விலகினால் 4.6 லட்சமும் அவருடையது. உங்களுக்கு வந்தது முதல் தவணையாக இருந்தால், அடுத்த தவணைக்கு அவருடைய தொலைபேசி எண் கூட மாறியிருக்கும். 'யார் மீதும்' என்ற ஒரு சொல் மீதி 13.4 லட்சத்துக்கான வழக்கையும் நோஞ்சானாக்கிவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, அந்த 3 லட்சம் எங்கிருந்து வருகிறது என்பது. கமிஷனுக்காக மோசடிக் கும்பலுக்குத் தன் கணக்கை வாடகைக்கு விட்டவர், தன் கணக்கு முடங்கிய நிலையில், எதிலிருந்து எடுத்துத் தருவார்? அது இன்னொரு முதியவரின் பணமாக இருந்து உங்கள் கணக்குக்கு வந்தால், அந்த மாநிலக் காவல்துறை பணத்தின் தடத்தைப் பிடித்து வந்து உங்கள் கணக்கையும் முடக்கும். பிறகு நீங்கள் சம்பளம் எடுக்க முடியாமல், நானும் பாதிக்கப்பட்டவள்தான் என்று ஊர் விட்டு ஊர் போய் விளக்க வேண்டியிருக்கும். ரொக்கமாக வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை என்று யாராவது சொல்வார்கள். அது வந்த வழிக்கு அப்போது ஒரு துண்டுக் காகிதம் கூட உங்களிடம் இருக்காது.

அதற்காகச் சமரசமே வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்துகொள்ளுங்கள், ஆனால் 3 லட்சத்துக்கு அல்ல, முடங்கிய முழுத் தொகைக்கு. ஜாமீனோ கணக்கோ, ஏதோ ஒன்று அவருக்கு அவசரமாகத் தேவைப்படுவதால்தான் தேடி வருகிறார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவின் கீழ் உங்கள் தந்தை பெயரில் குற்றவியல் நடுவரிடம் மனுப் போடுங்கள். ஆட்சேபணை இல்லை என்று கணக்குக்காரர் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யட்டும். முடங்கிய கணக்கிலிருந்தே, நீதிமன்ற உத்தரவின்படி, பணம் உங்கள் தந்தையின் கணக்குக்கு நேராக வர வேண்டும். அதே கணக்கில் வேறு சிலரின் பணமும் வந்து விழுந்திருந்தால் அவர்களும் உரிமை கோருவார்கள், மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். பணம் வந்த பின் எழுதிக் கொடுப்பதும் அந்த ஒரு கணக்கு, அந்த ஒரு தொகை என்ற அளவோடு நிற்கட்டும். ஏமாற்றுதல் குற்றத்தை நீதிமன்ற அனுமதியோடு சமரசமாக முடிக்கலாம் என்பது உண்மை. பலர் ஏமாந்த வழக்காக இருந்தால் அனுமதி எளிதில் கிடைக்காது. அது அவருடைய கவலை.

மீதி 13.4 லட்சத்துக்கு வழக்கு நடக்கட்டும். அதைத் துரத்திக் கைப்பணத்தைச் செலவழிக்காதீர்கள். மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது அழைத்தால், முதலில் அழைத்த கூட்டத்தின் சொந்தக்காரர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவமானத்தால் அப்பா வெளியே வர மறுக்கிறார் என்றால், இந்த மனுவுக்கும் இந்த வழக்குக்கும் மட்டும் செல்லும் சிறப்பு அதிகாரப் பத்திரத்தை உங்கள் பெயருக்கு எழுதித் தரட்டும். அண்ணன் கேட்கும் பொது அதிகாரம் வீட்டை விற்கும் வரை நீளக்கூடியது. மிச்சமுள்ள வைப்புத்தொகையைப் பாதுகாப்பதுதான் அவர் நோக்கம் என்றால், அப்பாவும் பிள்ளைகளில் ஒருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்று கூட்டுக் கணக்காக மாற்றினால் போதும். 'இருவரில் யாராவது ஒருவர்' என்ற கட்டத்தில் மட்டும் டிக் போட்டுவிடாதீர்கள்.