க்யூ அழுத்தியதும் காணாமல் போகும் பக்கம்

கோத்தகிரியில் வீட்டிலிருந்தே சர்வர் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "லினக்ஸ் டெர்மினலில் மேன் பக்கத்தை (கட்டளைகளுக்கான கையேடு) திறந்து ஒரு ஆப்ஷனைத் தேடிப் பிடிக்கிறேன். க்யூ அழுத்தி வெளியே வந்தால் பக்கமே காணோம். கட்டளையைத் தட்டுவதற்குள் ஆப்ஷன் மறந்துவிடுகிறது. அது திரையிலேயே நிற்காதா?"

நிற்கும். டெர்மினலுக்குத் திரை இரண்டு. ஒன்று நீங்கள் கட்டளை தட்டும் வழக்கமான திரை. மேலே உருட்டிப் பழையதைப் பார்க்கலாம். இன்னொன்று மாற்றுத் திரை; பழைய வரிகள் அதில் சேராது. விம் (கோப்பைத் திருத்தும் நிரல்), லெஸ் (நீளமான உரையைப் பக்கம் பக்கமாகக் காட்டும் நிரல்) போன்றவை தொடங்கும்போது 1049 என்ற எண் கொண்ட எஸ்கேப் குறியீட்டை அனுப்பி அங்கே தாவும், முடிந்ததும் திரும்பிவிடும். மேன் பக்கத்தை உங்களுக்குக் காட்டுவது பெரும்பாலும் லெஸ்தான்.

எனவே லெஸ்ஸை மட்டும் திருத்தினால் போதும். அதற்கு மைனஸ் போட்டுப் பெரிய எழுத்து எக்ஸ் கொடுத்தால் தாவாது. நிரந்தரமாக வேண்டுமென்றால் டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில், லெஸ் என்ற சூழல் மாறியை (நிரல்கள் பார்த்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பு), பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மதிப்பாக எக்ஸ் மட்டும் வைக்காதீர்கள். எஃப், ஆர், எக்ஸ் மூன்றையும் பெரிய எழுத்தில் வையுங்கள். அந்த மாறியே வைக்கப்படாமல் இருந்தால்தான் கிட் (நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) தானாக இந்த மூன்றையும் வைத்துக்கொள்ளும். நீங்கள் ஆர் இல்லாமல் வைத்தால், கிட் லாகில், அதாவது அந்த மாற்றங்களின் பட்டியலில், வண்ணத்துக்குப் பதில் கிறுக்கல்தான் தெரியும்.

ஒரு தொல்லை உண்டு. லெஸ்ஸில் முன்னும் பின்னும் போய்வந்தால், அதே வரிகள் பழைய வரிகளோடு கலந்து குப்பையாகும். எனக்கு அது பரவாயில்லை.

தொலைவிலுள்ள சர்வரோடு இணைக்கும் புட்டி என்ற நிரலில், ஃபீச்சர்ஸ் பகுதியில் மாற்றுத் திரையையே தடுக்கும் டிக் பெட்டி இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். டிக் செய்தால், விம்மை மூடிய பிறகும் கோப்பின் மிச்சம் திரையில் கிடக்கும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. ஐப்பசி மழையில் நெட் அறுந்து, விம் திறந்திருக்கும்போதே சர்வரோடு இருக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு போய்விட்டால், டெர்மினல் மாற்றுத் திரையிலேயே மாட்டிக்கொள்ளும். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் திரை நகராது, பழைய கட்டளைகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அதுதான் அடையாளம். டிபுட், ஓர் இடைவெளி, ஆர்எம்கப் என்று தட்டி என்டர் அழுத்துங்கள். பழைய திரை வந்துவிடும்.