பாபினும் குப்பாயமும்

அன்புள்ள அக்கா,

குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். மோட்டார் மாட்டிய பழைய மெஷின். பாபினில் சுற்றிய அடிநூல் தீர்ந்தது தெரியாமல் ஒரு கல்யாண ஜாக்கெட்டின் கையை முழுக்க ஓட்டிவிட்டேன், எடுத்துப் பார்த்தால் ஊசித்துளைதான் இருக்கிறது. தீரப்போவதை முன்னாலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? விளக்கு எரிந்து காட்டும் மெஷின் வாங்கலாமா? வெறும் ஜாக்கெட் தைக்கிறவள் இதையெல்லாம் கேட்டு உங்கள் நேரத்தை வீணாக்குகிறேன், மன்னிக்கவும்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

வழி உண்டு, காதுதான். நூல் குறையக் குறைய பாபின் வேகமாகச் சுற்றும், இரும்பு பாபின் என்றால் அது உட்காரும் கேஸுக்குள் கிலுகிலுவென்று ஆடும். ஆனால் உங்கள் மோட்டார் இரைச்சலில் அது எங்கே கேட்கப்போகிறது? தக்கலையில் என் சித்தி மிதிக்கிற மெஷினிலேயே காதை நம்பமாட்டாள். கை ஏற்றும் முன் இடதுபக்கத் தகட்டை நகத்தால் தள்ளி, கேஸை வெளியே எடுத்து பாபினை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். பாதிக்குக் கீழே என்றால் அது டப்பாவுக்குப் போய்விடும், அந்த மிச்சம் அப்புறம் ஹூக் வைக்கவும் ஹெம்மிங் பண்ணவும் ஆகும். நீங்கள் நூலுக்குக் கஞ்சம் பார்த்துக் கடைசி முழம் வரை ஓட்டுகிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு மீட்டர் தையலுக்கு அடியில் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் நூல் போகும், கனத்த துணிக்கு இன்னும் கூடும், அந்தக் கணக்கு மனதில் இருந்தால் போதும். விளக்கு மெஷின் உங்கள் இஷ்டம். நூலைப் பார்க்கும் அதன் கண்ணில் பஞ்சு அடைந்தால் அதுவும் பொய் சொல்லும்.

சரி, அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன், அதற்காகத்தான் பதில் எழுதவே உட்கார்ந்தேன். கருங்கலில் இருந்துகொண்டு வெறும் ஜாக்கெட் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? கொஞ்ச நாளாக நான், நாடார் பெண்கள் மேலாடை போடும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த மண் திருவிதாங்கூராக இருந்தபோது, இங்குள்ள எத்தனையோ பேருடைய பாட்டிகளின் பாட்டிகள் மார்பை மறைத்ததற்காக அடிபட்டார்கள், சந்தையில் வைத்து அவர்கள் துணியைக் கிழித்தார்கள். மிஷனரி வீட்டுப் பெண்கள் ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, கையால் தைத்துப் போட்டதுதான் குப்பாயம் என்ற மேல்சட்டை, அதுதான் உங்கள் ஜாக்கெட்டுக்குப் பாட்டி. 1820களில் ஆரம்பித்த சண்டை அது. அமெரிக்காவில் ஐசக் சிங்கர் தன் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிய 1851லும் இங்கே ஓயவில்லை, அதற்கப்புறம் வீடுகள் எரிந்தன, சென்னை கவர்னர் வரை புகார் போனது. கடைசியில் 1859 ஜூலையில் மார்பை மறைக்கலாம் என்று ராஜா உத்தரவு போட்டார், அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் உடுத்தக்கூடாது என்று ஒரு வாலை ஒட்டவைத்து! அந்த வாலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு கை, ஒரு கழுத்து, நான்கு ஹூக், அவ்வளவு துணிக்காக வருஷக்கணக்காக அடி வாங்கிய ஊரில், அதைத் தைக்கத் தெரிந்தவள் மன்னிப்புக் கேட்கிறாள், இதை எந்தக் கணக்கில் சேர்க்க?

கோபப்படாதீர்கள், சித்தியும் இப்படித்தான் திட்டுவாள், திட்டி முடித்துச் சாயா போட்டுத் தருவாள்.

அந்தக் கல்யாண ஜாக்கெட்டில் கத்தரி வைக்க வேண்டாம். அடியில் நூல் இல்லாத இடத்தில் மேல்நூலை இழுத்தாலே வந்துவிடும், பழைய தையல் மேல் அரை அங்குலம் ஏற்றி மறுபடி தொடங்குங்கள். துளையை நகத்தால் நீவினால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும், பட்டு என்றால் கொஞ்சம் தெரியும். அப்புறம், ஒரு ஜாக்கெட்டுக்கு என்ன கூலி வாங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் அதை முதல் வரியாக எழுதுங்கள்.