ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் புரதத்தின் வேலை கெட்டுவிடுமா?

எல்லா நேரமும் கெடாது. அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து உருவாவதுதான் புரதம். எந்த இடத்தில் மாறுகிறது, எதற்குப் பதில் எது வருகிறது என்பதைப் பொறுத்தது. ஹீமோகுளோபினையே எடுத்துக்கொள்வோம்.

சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் இது. ஆல்பா இரண்டு, பீட்டா இரண்டு என நான்கு சங்கிலிகள். மொத்தம் 574 அமினோ அமிலங்கள். பீட்டா சங்கிலியின் 6-ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அது மின்னூட்டம் கொண்டது, தண்ணீரோடு நன்றாக ஒத்துப்போகும். அங்கே வேலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்தால்? வேலினுக்குத் தண்ணீர் ஆகாது. புரதத்தின் வெளிப்பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு போல ஒரு திட்டு உருவாகிவிடும். ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் ஹீமோகுளோபினின் வடிவம் சற்று மாறும்; அப்போது பக்கத்து மூலக்கூறில் அந்தத் திட்டு பொருந்துகிற குழி ஒன்று வெளிப்படும். அவ்வளவுதான். ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட இழைகளாகி, வட்டமான செல்லை அரிவாள் போல வளைத்துவிடும். குறுகிய ரத்தக்குழாய்களில் அது சிக்கிக்கொள்ளும்.

இதுதான் அரிவாள் செல் சோகை. நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் உண்டு. 1949-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு இதை மூலக்கூறு நோய் என்றது. மாறியது ஒரே அமினோ அமிலம்தான் என்று பிறகு காட்டியவர் வெர்னான் இன்கிராம்.

வேடிக்கை என்னவென்றால், ஆக்சிஜனைப் பிடிக்கும் இரும்புப் பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. பழுதெல்லாம் மேற்பரப்பில். அப்புறம், அதே 6-ஆவது இடத்தில் லைசின் என்ற இன்னோர் அமினோ அமிலம் வந்தால் இப்படி இழை கோக்காது. இந்த மாற்றம் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்கூட பெரும்பாலும் லேசான சோகையோடு நின்றுவிடும்.